மிதிப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது

தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,



மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், புதுச்சேரிக்கு ஒன்று. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, புதுச்சேரிக்கு ஒன்று. ஆக 59 பேர். இந்த மடல் உங்கள் அத்தனை பேருக்கும். கட்சி பார்த்து எழுதவில்லை. நான் கேட்கப்போவதும் எந்தக் கட்சிக்கும் எதிரானதல்ல.

அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். உங்கள் அலுவலகத்துக்கு நாள்தோறும் மனுக்கள் வரும் என்று தெரியும். எங்கள் ஊரில் ரயில் நின்று போக வேண்டும், பட்டா மாறவில்லை, கல்விக் கடன் கிடைக்கவில்லை என்று வரும் அந்த மனுக்களெல்லாம் நியாயமானவை. அந்தக் கட்டிலேயே இதையும் சேர்த்து வையுங்கள். மிதிவெடியையும் கொத்துக்குண்டையும் இந்தியா கைவிட வேண்டும். அதற்காக நீங்கள் அவையில் பேச வேண்டும். இவ்வளவுதான் என் மனு. காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை பக்கங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தேன். ஏ-9 நெடுஞ்சாலையில் ஆனையிறவு, இயக்கச்சி, பளை எல்லாம் கடந்து முகமாலைக்கு வந்தோம். அங்கே தலையிழந்த பனைகள் நின்றன. எறிகணை பட்டு வட்டு இல்லாமல், தூண் போல வெறும் மரமாக நின்ற பனைகள். சாலையோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும், அவற்றுக்கு அப்பால் நாடா கட்டிய கழிகளும் தெரிந்தன. காலாற நடக்கலாமே என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் நிறுத்தினார். ஆனால் நான் கதவைத் திறந்ததும் பதறிப்போய், “தார் ரோட்டை விட்டு இறங்கிப்போடாதேங்கோ அம்மா, உதுக்குள்ளை இன்னும் எடுத்து முடியேல்லை” என்றார்.

தூரத்தில் சில பெண்கள் முழந்தாளிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். முகத்தில் தடித்த கண்ணாடித் திரை, மார்பில் கனத்த கவச அங்கி. உச்சி வெயிலில் இரும்பு வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் பெண்களில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள், தனியாளாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். அந்த நிலத்தில் மிதிவெடி புதைத்தவர்கள் போரிட்ட இரு தரப்பாரும்தான். புதைத்த கைகளில் பல இன்று உயிரோடு இல்லை. புதைத்தவை மட்டும் அப்படியே இருந்தன. அவற்றைத் தோண்டும் வேலை, போரை வேண்டாத பெண்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று நான் தார் ரோட்டிலேயே நின்றேன். ஒரு காலடி தள்ளி இருந்த மண்ணில் என்னால் கால் வைக்க முடியவில்லை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த ஒரு அடி மண்ணில் போர் நடந்துகொண்டிருந்தது.

துப்பாக்கியைச் சுடுவதற்கு ஒரு மனிதன் வேண்டும். அவன் குறி பார்க்கிறான். எதிரே வருவது சிப்பாயா, விறகு சுமக்கும் பெண்ணா என்று பார்க்க அவனுக்குக் கண் இருக்கிறது, விரலை நிறுத்திக்கொள்ள மனம் இருக்கிறது. மிதிவெடிக்கு இரண்டும் இல்லை. அதை வெடிக்கச் செய்பவர் மிதிப்பவர்தான். பல வகை மிதிவெடிகளுக்குப் பத்துக் கிலோ எடை போதும். நம் வீடுகளில் தத்தித் தத்தி ஓடும் இரண்டு வயதுக் குழந்தையின் எடை அது. மேலே நின்றது யாருடைய கால் என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்த செய்தியும் அதற்குப் போய்ச் சேராது.

கொத்துக்குண்டு வானிலிருந்து வரும் மிதிவெடி. ஒரு பெரிய குண்டு நடுவானில் திறந்து, பத்தும் நூறுமாகக் குட்டிக் குண்டுகளைக் கொட்டும். அவை பல கால்பந்து மைதான அளவுக்குப் பரவி விழும். அத்தனை பரப்பில் யார் நிற்கிறார்கள் என்று வீசியவருக்குத் தெரியாது. விழுந்தவற்றில் ஒரு பகுதி வெடிக்காமல் வயலிலும் கூரையிலும் மரக்கிளையிலும் தங்கிவிடும். டென்னிஸ் பந்து போலவும் நாடா கட்டிய பொம்மை போலவும் இருப்பதால் பிள்ளைகள் ஓடிப்போய் எடுக்கிறார்கள்.

இந்த ஆயுதங்களால் ஏற்படும் சேதத்தை ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் லேண்ட்மைன் மானிட்டர் அறிக்கையின்படி, 2023-ல் மட்டும் உலகெங்கும் 5,757 பேர் கண்ணிவெடியிலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளிலும் சிக்கினார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினர் போருக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்கள். அந்தப் பொதுமக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகள்.

நம் மொழியில் பழைய நினைவு ஒன்று இருக்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாடலைத் தமிழாசிரியர்கள் விரும்பி நடத்துவார்கள். அம்பு தொடுப்பதற்கு முன்பே, பசுக்களும் பெண்களும் நோயுற்றவர்களும் பாதுகாப்பான இடம் தேடிப் போகட்டும் என்று அறிவித்த மன்னன் என அவனை அந்தப் புலவர் புகழ்கிறார். போரை ஒழித்தவன் என்று புகழவில்லை. போரிலும் யாரைத் தொடக்கூடாது என்று அறிந்தவன் என்று புகழ்கிறார். போரிடுபவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இன்றைய ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்வதும் அதையேதான். பிரித்துப் பார்க்கவே முடியாத ஓர் ஆயுதத்தை வைத்துக்கொண்டு அந்த அறத்தை எப்படிக் காப்பது?

ராணுவம், வெளியுறவு எல்லாம் டெல்லியில் முடிவாகும் காரியம், ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் தொகுதி உறுப்பினருக்கும் இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஆயுதங்கள் தடைசெய்யப்பட்ட வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது. அதைத் தொடங்கியவர்கள் என்னைப் போன்றவர்கள். முடித்துக்கொடுத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்.

1990-களின் தொடக்கத்தில் கம்போடியாவில் போரில் காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்துகொடுத்தவர்களில் அமெரிக்காவின் வியட்நாம் போர் வீரர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான பாபி முல்லர் வியட்நாமில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எத்தனை கால் செய்தாலும் வாசலில் வரிசை குறையவில்லை. கால் செய்வதோடு நில்லாமல், காலைப் பறிப்பதையும் நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1992 அக்டோபரில் ஆறு தொண்டு அமைப்புகள் கூடிக் கண்ணிவெடித் தடைக்கான பன்னாட்டு இயக்கத்தைத் தொடங்கின. ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணி அதன் ஒருங்கிணைப்பாளர். அவர்களிடம் அதிகாரம் இல்லை. தொலைபேசியும் தொலைநகலும் இருந்தன. கூடவே, தத்தம் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டும் பிடிவாதம் இருந்தது.

முதலில் திறந்த கதவுகளில் ஒன்று அமெரிக்க செனட்டர் பேட்ரிக் லேஹியுடையது. 1992-லேயே மிதிவெடி ஏற்றுமதியை நிறுத்திவைக்கும் சட்டத்தை அவர் நிறைவேற்றவைத்தார். 1995-ல் பெல்ஜியம் நாடாளுமன்றம் மிதிவெடியை முழுவதுமாகத் தடைசெய்தது. உலகிலேயே முதல் நாடு அது. அதே ஆண்டு பாரிஸ் நகரில் மக்கள் ஆளுக்கொரு செருப்பாகக் கொண்டுவந்து குவித்து மலை எழுப்பினார்கள். ஒற்றைக் காலோடு வாழ்பவருக்கு ஒற்றைச் செருப்புதானே மிஞ்சும்? 1996 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள் 15 பேர், வளைகுடாப் போரை நடத்திய ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் உட்பட, அதிபர் கிளின்டனுக்கு நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மிதிவெடித் தடையை அவர்கள் ஆதரித்தார்கள். போர்க்களத்தை நேரில் அறிந்தவர்கள் சொன்ன சொல் அது.

அதே ஆண்டு அக்டோபரில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாய்ட் ஆக்ஸ்வொர்தி, ஒரே ஆண்டில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தை முடித்துக் கையெழுத்திட ஒட்டாவாவுக்குத் திரும்பி வாருங்கள் என்று உலக நாடுகளுக்கு அறைகூவல் விடுத்தார். 1997 டிசம்பரில் 122 நாடுகள் வந்து கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு ஜோடி வில்லியம்ஸுக்கும் இயக்கத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஆஸ்லோ மேடையில் இயக்கத்தின் சார்பில் பரிசை வாங்கியவர் துன் சன்னரெத் என்ற கம்போடியர். மிதிவெடியில் இரு கால்களையும் இழந்து, மற்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்துகொடுக்கும் தொழிலாளி அவர்.

கொத்துக்குண்டின் கதை இன்னும் கடினமானது. 1964-லிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 27 கோடிக் குட்டிக் குண்டுகளைக் கொட்டின. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின. லாவோஸிலிருந்து சிறுமியாக அமெரிக்காவுக்குப் போன சன்னாபா காம்வோங்சா, குண்டுவீச்சுக்குத் தப்பிய கிராம மக்கள் தங்கள் கையால் வரைந்த ஓவியங்களைக் கண்டார். எரியும் வீடு, கிடக்கும் எருமை, ஓடும் தாய் என்று அவர்கள் பார்த்ததை அப்படியே வரைந்திருந்தார்கள். 2004-ல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கி, அந்த ஓவியங்களை ஊர் ஊராகக் காட்டினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் குண்டகற்றும் நிதியைக் கூட்டக் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில் லாவோஸ் சென்ற அதிபர் ஒபாமா, மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

2006 ஆகஸ்டில் தெற்கு லெபனான் மீது இஸ்ரேல் கொத்துக்குண்டுகளைப் பொழிந்தது. பெரும்பகுதி, போர் நிறுத்தத்துக்கு முந்தைய மூன்று நாட்களில் விழுந்தது. அடுத்த மாதமே, மக்கள் வாழும் இடங்களுக்கருகே இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்ற திருத்தத்தை அமெரிக்க செனட்டில் டயான் ஃபைன்ஸ்டைனும் லேஹியும் கொண்டுவந்தார்கள். ஆதரவு 30, எதிர்ப்பு 70. தோற்றுப்போனது. ஆனால் அத்தோடு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தொகுதி மக்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டே, வெடிக்காமல் போகும் விகிதம் அதிகமுள்ள கொத்துக்குண்டுகளை ஏற்றுமதி செய்யக்கூடாது என்ற விதி நிதிச் சட்டத்தில் இடம்பெற்றது. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவையில் தோற்ற தீர்மானமும் வேலை செய்கிறது.

அந்த லெபனான் போர்தான் நார்வேயை எழுப்பியது. 2007 பிப்ரவரியில் ஆஸ்லோவில் தொடங்கிய பேச்சு, 2008 மே மாதம் டப்ளினில் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தமாக முடிந்தது. அங்கே பேச வந்தவர்களில் ஒருவர் பிரானிஸ்லாவ் கபெட்டனோவிச். செர்பியாவில் கொத்துக்குண்டுகளை அகற்றும் வேலையில் இரு கைகளையும் இரு கால்களையும் இழந்தவர். டிசம்பரில் ஆஸ்லோவில் கையெழுத்து நிகழ்ச்சி நடந்தபோது ஆப்கானிஸ்தான் கையெழுத்திடும் எண்ணத்தில் இல்லை. சிறுவனாக இருந்தபோதே கொத்துக்குண்டில் கால்களை இழந்த சொராஜ் குலாம் ஹபீப் என்ற ஆப்கன் இளைஞன், தன் நாட்டுத் தூதரிடம் போய் நின்று பேசினான். தூதர் காபூலுக்கு அழைத்து அதிபரின் இசைவைப் பெற்றார். கடைசி நேரத்தில் ஆப்கானிஸ்தான் கையெழுத்திட்டது.

இந்த வேலையின் பலனையும் கணக்காகச் சொல்ல வேண்டும். ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இதுவரை 5.5 கோடிக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை அழித்திருக்கின்றன. 2015-ல் மொசாம்பிக் தன் மண்ணில் அறியப்பட்ட கண்ணிவெடி நிலம் இனி இல்லை என்று அறிவித்தது. கொத்துக்குண்டு ஒப்பந்த நாடுகள் தாங்கள் கணக்குக் காட்டிய கையிருப்பை 2023 முடிவதற்குள் முற்றாக அழித்துவிட்டன. மனுவாகத் தொடங்கிய காரியம் மண்ணைத் தொட்டது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

இந்தியா இந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் இல்லை. ஐ.நா. பொதுச்சபையில் இவற்றை ஆதரிக்கும் தீர்மானம் ஒவ்வோர் ஆண்டும் வரும்போது எதிர்க்காமலும் ஆதரிக்காமலும் ஒதுங்கி நிற்கிறது. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். கண்ணிவெடிப் பயன்பாட்டைத் தடைசெய்யாமல் கட்டுப்படுத்த மட்டும் செய்யும், ஐ.நா. ஆயுத ஒப்பந்தம் ஒன்றின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறையில் இந்தியா சேர்ந்திருக்கிறது. மிதிவெடி ஏற்றுமதியையும் தானாகவே நிறுத்திவைத்திருக்கிறது. 2009-க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி அகற்ற ஏழு இந்தியக் குழுக்களின் செலவை நம் அரசு ஏற்றது. நம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் அந்த மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்தார்கள். ஜெய்ப்பூரில் 1968-ல் உருவான ஜெய்ப்பூர் கால் ஆப்கானிஸ்தானிலும் கம்போடியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பல்லாயிரம் பேரை எழுந்து நடக்கவைத்திருக்கிறது.

பிறர் மண்ணில் வெடியை அகற்றக் காசு கொடுக்கிறோம். வெடியில் காலிழந்தவருக்குக் கால் கொடுக்கிறோம். அந்த வெடியை மட்டும் நம் கிடங்கில் வைத்திருக்கிறோம். இந்த முரண் நீண்ட நாள் நிற்காது, நிற்கவும் கூடாது.

இத்தனை ஆண்டுப் போரைக் கண்ட இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2018 மார்ச்சில் கொத்துக்குண்டு ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. அரசுப் படையும் புலிகளும் மாறி மாறிப் புதைத்த ஒரு நாட்டால் அந்த முடிவுக்கு வர முடிந்தது என்றால், நம்மால் முடியாதா?

நீண்ட எல்லை, நம்பமுடியாத அண்டை நாடுகள், சீனாவும் பாகிஸ்தானும் சேராதபோது நாம் எப்படிச் சேர்வது என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழும். அது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. எல்லையில் நிற்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. நான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களே சிலர் உண்டு. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு ‘ஆபரேஷன் பராக்கிரம்’ என்ற பெயரில் படை எல்லைக்குத் திரட்டப்பட்டது. பாகிஸ்தான் எல்லை நெடுகச் சில மாதங்களில் நம் படை புதைத்தவை சுமார் 20 லட்சம் கண்ணிகள் என்பது லேண்ட்மைன் மானிட்டரின் மதிப்பீடு. போர் வரவில்லை. புதைத்தவற்றைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் வெடித்து நம் வீரர்களே மாண்டார்கள், ஊனமுற்றார்கள். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் விவசாயிகள் தங்கள் சொந்த வயலுக்குள் போக முடியாமல் காத்துக்கிடந்தார்கள். ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய கிராமங்களில் மழையும் பனிச்சரிவும் கண்ணிகளை இடம்பெயர்த்துவிடுகின்றன. வரைபடத்தில் ஓரிடம், மண்ணில் வேறிடம். அங்கே ஆடு மேய்க்கப் போய்க் காலிழந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். எதிரியை மிரட்டப் புதைத்தது நம் ஆளைத்தான் எடுத்தது.

ஒட்டாவா ஒப்பந்தம் எதைத் தடுக்கிறது என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டும். மனிதர் மிதித்தால் வெடிப்பதை அது தடைசெய்கிறது. டாங்கி போன்ற வாகனங்களுக்கான கண்ணியை அது தொடவில்லை. ஒரு வீரன் பார்த்து, முடிவெடுத்து, விசையை அழுத்தி வெடிக்கவைக்கும் ஆயுதமும் அந்தத் தடைக்குள் வராது. எல்லையைத் திறந்துபோடச் சொல்லவில்லை. கண்ணில்லாத ஆயுதத்துக்குப் பதிலாகக் கண்ணுள்ள காவலை வைக்கச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. சத்தீஸ்கரிலும் ஜார்க்கண்டிலும் மாவோயிஸ்டுகள் காட்டுப் பாதைகளில் புதைக்கும் அழுத்தவெடிகளில் நம் துணைராணுவ வீரர்களும், இலைகளும் பழங்களும் பொறுக்கப்போகும் பழங்குடிப் பெண்களும் சிக்குகிறார்கள். மிதித்தால் வெடிப்பவை எந்தப் பெயரில் இருந்தாலும் ஒட்டாவா தடைக்குள் அடங்கும். அந்தத் தடையை ஏற்றுக்கொண்ட அரசு இந்தக் குற்றத்தைக் கண்டிக்கும்போது அதன் குரலுக்கு வலு கூடும்.

காலம் சரியில்லை என்பதையும் அறிவேன். 2025-ல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் ரஷ்யாவின் மீதுள்ள அச்சத்தால் ஒட்டாவா ஒப்பந்தத்தைவிட்டு விலக முடிவெடுத்தன. லித்துவேனியா கொத்துக்குண்டு ஒப்பந்தத்திலிருந்தும் வெளியேறியது. 2023 ஜூலையில் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு கொடுக்க முடிவு செய்தபோது, அதைத் தடுக்க அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் வந்த திருத்தம் 147-க்கு 276 என்று தோற்றது. முப்பது ஆண்டுகளாக மக்கள் கட்டிய கரை உடைகிறது. கரை உடையும்போதுதான் ஊரே மண்வெட்டியோடு ஓடிவர வேண்டும். உலகின் மிகப் பெரிய மக்களாட்சி இந்த நேரத்தில் ஓரடி முன்வைத்தால், அதன் எடை அமைதிக் காலத்தில் வைக்கும் பத்து அடிகளைவிட அதிகம்.

இப்படி ஓர் அடியை இந்தியா முன்பே வைத்திருக்கிறது. ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் 1993-ல் கையெழுத்திட்டோம். 1997-ல், நம்மிடம் 1,044 டன் கந்தகக் கடுகுவாயு இருக்கிறது என்று உலகுக்கு அறிவித்தோம். 2000-ல் அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2009-க்குள் கடைசி டன் வரை அழித்து முடித்தோம். அதனால் நம் எல்லை சுருங்கவில்லை, நம் படை பலவீனப்படவில்லை. மூச்சுக்குழலை எரிக்கும் வாயுவை அறத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கிய நாடு, பிள்ளையின் காலைப் பறிக்கும் வெடியை ஒதுக்கவும் முடியும்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, கேள்வி. பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் கேள்வி நேரத்தில் ஒரு வினாவை எழுப்பலாம். ஆபரேஷன் பராக்கிரமில் புதைத்தவற்றில் எத்தனை மீட்கப்பட்டன? எல்லை மாநிலங்களில் இதுவரை மிதிவெடியால் ஊனமுற்ற குடிமக்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு எவ்வளவு, மாதாந்திர உதவித்தொகை உண்டா? இவற்றில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. தன் குடிமக்களின் காயத்தை ஒரு நாடு எண்ணிச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, வாக்கு. ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா ஒதுங்கி நிற்பதை விட்டு ஆதரவாக வாக்களிக்கும்படி வெளியுறவு அமைச்சருக்குக் கூட்டாகக் கடிதம் எழுதுங்கள். 59 கையொப்பங்களோடு, எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஒரே கடிதமாக அது போகட்டும். வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்றக் குழுவில் இருப்பவர்கள் அந்தப் பொருளை அங்கே விவாதத்துக்கு எடுங்கள்.

மூன்றாவது, மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். அவை சட்டமாவது அரிது என்பதும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அந்த அவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே நிறைவேறிய தனிநபர் மசோதா அது. அப்படியே அது சட்டமாகவில்லை என்றாலும், அந்தப் பேச்சை இனித் தவிர்க்க முடியாது என்ற நிலையை உண்டாக்கியது. மிதிவெடியையும் கொத்துக்குண்டையும் தயாரிப்பதையும் வாங்குவதையும் கைமாற்றுவதையும் தடைசெய்து, பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வை அரசின் கடமையாக்கும் ஒரு மசோதாவை உங்களில் ஒருவர் அவையில் வையுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. முப்பது வாக்கு மட்டுமே பெற்றுத் தோற்றவர்கள் அடுத்த ஆண்டு சட்டத்தில் ஒரு வரியை வென்ற கதையை மேலே சொன்னேன்.

இந்த மடலைப் படிக்கும் வாக்காளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைக் கண்டுபிடித்து ஒரு கடிதம் எழுதுங்கள். அச்சடித்த வாசகத்தில் கையெழுத்து மட்டும் போட வேண்டாம். உங்கள் சொந்த வார்த்தையில் பத்து வரி போதும். அவர் ஊருக்கு வரும்போது நான்கு பேராகப் போய்ப் பாருங்கள். கல்லூரி மாணவர்கள் துறைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், ஓய்வுபெற்ற படைவீரர்களை அழைத்து அவர்கள் அனுபவத்தைக் கேளுங்கள். நாம் கேட்காததை எந்த உறுப்பினரும் அவையில் கேட்கமாட்டார்.

உறுப்பினர்களே, இலங்கை தன் மண்ணை முழுவதும் சுத்தம் செய்ய ஒப்பந்தப்படி உள்ள கெடு 2028 ஜூன் 1. அந்த நாளை எட்டத்தான் அந்தப் பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்குலம் அங்குலமாகச் செய்யும் வேலையில் ஓர் அங்குலத்தை நீங்கள் அவையில் செய்யுங்கள்.

எனக்குப் பதில் கடிதம் வேண்டாம். அவைக்குறிப்பில் உங்கள் பெயரோடு ஒரு கேள்வி பதிவாகட்டும். அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி